வீட்டுக்கு ஒரு கினிப்பன்றி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு ஒரு தாய் தம் இரு குழந்தைகளுடன் வந்தார். பத்து வயதுச் சிறுமியின் கன்னத்திலும் முன்கையிலும், அவள் தம்பியின் கழுத்திலும் வட்ட வட்டமாகச் சிவந்த திட்டுகள் இருந்தன. ஓரம் தடித்தும் நடுப்பகுதி சற்றே தெளிந்தும் இருந்ததால் படர்தாமரை என்று எளிதில் கண்டுகொண்டோம். இரண்டு மாதங்களாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவி வந்திருக்கின்றனர். தடவும்போது அரிப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்னிலும் அதிகமாகப் பரவியது. அக்களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்ததே அதற்குக் காரணம்.

வீட்டில் பிராணி ஏதேனும் உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார் தாய். சற்று நேரம் கழித்துச் சிறுமி, "கினிப்பன்றி இருக்கு டாக்டர்" என்றாள். நாய், பூனை என்றால்தான் பிராணி என்று எண்ணியிருந்த தாய்க்கு அது நினைவுக்கே வரவில்லை. கைபேசியில் அதன் படத்தைக் காட்டினார்கள். மூக்கைச் சுற்றியும் கண்ணோரத்திலும் முடி உதிர்ந்து, பொருக்குத் தட்டியிருந்தது. பிறந்த நாள் பரிசாக அதைத் தேர்ந்தெடுத்தவள் அச்சிறுமியே. ஏன் அதை எடுத்தாய் என்று கேட்டபோது, "மத்ததெல்லாம் ஓடுச்சு. இது மட்டும் மூலையில பேசாம உக்காந்திருந்துச்சு. பாவமா இருந்துச்சு" என்றாள்.

அந்தப் பதிலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கினிப்பன்றி வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்று எங்கள் புறநோயாளிப் பிரிவில் பெற்றோர் அடிக்கடி கேட்கின்றனர். நாங்கள் கால்நடை மருத்துவர்கள் அல்லர். ஆயினும், பிராணியிடமிருந்து மனிதருக்கு வரும் தோல் நோய்களைக் கண்டு வருபவர்கள் என்ற முறையில் எங்களால் சொல்லக்கூடியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அடக்கமும் நோயும்

கினிப்பன்றி கினி நாட்டைச் சேர்ந்ததும் அன்று, பன்றி இனமும் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணவுக்காக வளர்க்கத் தொடங்கிய கொறிக்கும் பிராணி அது. நம் கடைகளில் கினி எலி என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. வளர்ந்த ஆண் ஏறத்தாழ 900 முதல் 1,200 கிராம் வரையும், பெண் 700 முதல் 900 கிராம் வரையும் எடை இருக்கும். நன்றாகப் பராமரித்தால் 5 முதல் 8 ஆண்டுகள் வரை வாழும்.

பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் ஆதலால், தன் நோயை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. நலமாக உள்ள கினிப்பன்றி அறிமுகமில்லாத கையைக் கண்டால் ஓடி ஒளியும். கை நீட்டியும் நகராமல் உடலைக் குறுக்கி உட்கார்ந்திருப்பது சாதுவான பிராணி அன்று. பெரும்பாலும் அது நோயுற்ற பிராணி. மறைக்க வலுவில்லாத நிலைக்கு அது வந்துவிட்டது என்றே பொருள். பிராணியைத் தேர்ந்தெடுக்கும் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர், அதிக அளவில் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ஊசிகளைப் போட்டுக்கொள்பவர் ஆகியோர் உள்ள வீட்டில், சிகிச்சை நடக்கும் காலத்தில் புதிய பிராணி எதையும் கொண்டுவர வேண்டாம். சிகிச்சை முடிந்தபின் உங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். கருவுற்ற பெண்கள் கொறிக்கும் பிராணிகளைக் கையாளுவதையும் அவற்றின் கூண்டைச் சுத்தம் செய்வதையும் தவிர்க்க வேண்டும். 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் வாயில் கை வைப்பவர்கள். பெரியவர் அருகில் இல்லாமல் அவர்களிடம் பிராணியைத் தரலாகாது.

ஆஸ்துமாவோ, ஒவ்வாமையால் வரும் தோல் அழற்சியோ உள்ள குழந்தையாயின் இன்னொரு சோதனையும் தேவை. கினிப்பன்றியின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் தோல் துகள்களிலும் ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் உள்ளன. அதற்கு உணவாகும் உலர்புல்லின் தூசியும் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். ஆகவே, வாங்குவதற்கு முன் கினிப்பன்றி வளர்க்கும் நண்பர் வீட்டுக்குக் குழந்தையை வெவ்வேறு நாள்களில் இருமுறை அழைத்துச் செல்லுங்கள். தும்மல், கண் அரிப்பு, மூச்சிரைப்பு, தொட்ட இடத்தில் தடிப்பு ஆகியவை தோன்றினால் அந்த எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. வீட்டுக்கு வந்து ஆறு மாதம் பழகிய பிராணியைப் பிரிவது குழந்தைக்கு இதைவிடப் பெரிய துன்பம்.

மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது போல

பிராணியைப் பார்க்கவும் நாங்கள் நோயாளியைப் பார்க்கும் வரிசையையே பின்பற்றலாம். முதலில் தொலைவிலிருந்து நோக்குதல், பிறகு செவியால் கேட்டல், பிறகு அருகிருந்து பார்த்தல், இறுதியில் தொட்டுப் பார்த்தல். அவசரப்படாமல் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தொலைவிலிருந்து: ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் கூண்டு முழுவதையும் பாருங்கள். தரை ஈரமாக, நாற்றமடித்து, குடிநீர் இல்லாமல் இருந்தால் அங்கே எதையும் வாங்காதீர்கள். ஒரு கூண்டில் ஒன்றுக்கு நோய் இருந்தாலும் மற்றவற்றை அது தொட்டிருக்கும் என்றே கொள்ள வேண்டும். முயலுடன் ஒரே கூண்டில் வைத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. முயல் தனக்கு எத்தொல்லையும் இன்றிச் சுமக்கும் போர்டெட்டெல்லா என்னும் பாக்டீரியா, கினிப்பன்றிக்குக் கடும் நிமோனியாவை உண்டாக்கவல்லது. நலமான கினிப்பன்றி நான்கு கால்களிலும் சமமாக ஊன்றி ஓடும். பசும்புல்லைப் போட்டால் ஆவலுடன் வந்து தின்னும். தலை ஒருபுறம் சாய்ந்திருப்பது, பின்னங்கால்களை இழுத்து நடப்பது, உணவைக் கண்டும் வராமல் இருப்பது ஆகியவை நோயின் அறிகுறிகள்.

செவியால்: உணவைக் கண்டதும் அது எழுப்பும் 'வீக்' என்ற நீண்ட கீச்சொலி நலத்தின் அடையாளம். மூச்சு ஓசையின்றி இருக்க வேண்டும். மூச்சுவிடும்போது சளி உருளும் ஒலியோ கரகரப்போ கேட்டாலும், விலாப்புறம் ஏறி இறங்கினாலும் அது சுவாச நோயாக இருக்கலாம். கினிப்பன்றிகள் இறப்பதற்கு நிமோனியா ஒரு முக்கியக் காரணம்.

அருகிருந்து: கண்கள் பளபளப்பாகத் திறந்திருக்க வேண்டும், பீளையோ பொருக்கோ கூடாது. மூக்கு உலர்ந்திருக்க வேண்டும். முன்னங்கால்களின் உட்புற முடி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகும் மூக்கைக் காலால் துடைத்துக்கொண்டிருந்தால் அங்கே முடி பசையாகிக் கிடக்கும். மோவாய் நனைந்திருந்தால் பல் கோளாறு இருக்கலாம். கினிப்பன்றியின் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை; கடைவாய்ப் பற்கள் அளவுக்கு மீறி வளர்ந்தால் விழுங்க இயலாமல் எச்சில் வடியும். முன்பற்கள் வெண்மையாக, நேராக ஒன்றையொன்று சந்திக்க வேண்டும்.

எங்கள் துறையைச் சேர்ந்தது தோலும் முடியும். படர்தாமரை பெரும்பாலும் மூக்கு, கண்ணோரம், காது ஆகிய இடங்களில் செதிலுடன் கூடிய முடியற்ற திட்டாகத் தொடங்கும். ஓயாமல் சொறிந்து, முதுகிலும் தொடையிலும் தோல் தடித்துப் புண்ணாகியிருந்தால் சொறிப்பூச்சித் தாக்குதலை ஐயுற வேண்டும். அந்த அரிப்பின் கடுமையால் கினிப்பன்றிக்கு வலிப்பே வரக்கூடும். தூக்குபவர் கையிலும் சில நாள் அரிப்புத் தடிப்புகள் தோன்றும். முடியைப் பிரித்துப் பார்த்தால் பேனும் தென்படலாம். ஆசனவாயைச் சுற்றி முடி நனைந்தோ அழுக்கேறியோ இருந்தால் வயிற்றுப்போக்கு உள்ளது என்று பொருள். நலமான பிராணியின் புழுக்கைகள் ஒரே அளவில், நீள்வட்டமாக, கெட்டியாக இருக்கும்.

கையால்: ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்துத் தூக்குங்கள். உடல் உருண்டு கனமாக இருக்க வேண்டும். முதுகெலும்பும் விலாவும் கூர்மையாகத் துருத்தினால் மெலிந்த பிராணி அது. மோவாய்க்குக் கீழே கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கழுத்து நிணக்கணுக்களில் சீழ்பிடிக்கும் தொற்று இவற்றுக்கு வருவதுண்டு. பிறகு பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல் இருப்பது இயல்பு. கம்பித் தரையில் வளர்ந்தவற்றுக்கு உள்ளங்காலில் புண் இருக்கக்கூடும். அது எளிதில் ஆறாது.

நோய் அல்லாதவை

சில இயல்புகளை நோய் என்று தவறாகக் கொள்வோரும் உண்டு. காதுக்குப் பின்புறம் சிறு பகுதியில் முடி இல்லாதிருப்பது எல்லாக் கினிப்பன்றிகளுக்கும் உள்ளது. தோல் வழவழப்பாக, செதிலின்றி இருந்தால் கவலை வேண்டாம். கண்ணில் பால் போன்ற திரவம் கணநேரம் சுரப்பதும் இயல்பே. அதைக் கொண்டே அது முகம் கழுவிக்கொள்ளும். தன் மென்மையான புழுக்கையைத் தானே எடுத்து உண்பதும் நோய் அன்று. சத்துகளை இரண்டாம் முறையாக உட்கொள்ளும் வழி அது. திடீரென அந்தரத்தில் துள்ளுவதைக் கண்டு வலிப்பு என்று அஞ்ச வேண்டாம். இளம் கினிப்பன்றிகள் மகிழ்ச்சியில் அவ்வாறு துள்ளும்.

வயது, பால், துணை

கினிப்பன்றிக் குட்டி கண் திறந்து, முடியுடனும் பல்லுடனும் பிறப்பதால், பிறந்த சில நாள்களிலேயே முழு வளர்ச்சி பெற்றது போலத் தோன்றும். இருப்பினும் குறைந்தது மூன்று வாரங்களாவது அது தாயிடம் இருக்க வேண்டும். 6 முதல் 8 வாரக் குட்டி வாங்க ஏற்றது.

ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் வைத்து விற்கும் இடத்தில் பெண்ணை வாங்கினால், அது ஏற்கெனவே கருவுற்றிருக்க வாய்ப்புண்டு. ஒரு மாதத்தைச் சற்றே கடந்த பெண் குட்டிகூடக் கருவுறவல்லது. மேலும், ஏழெட்டு மாத வயதைக் கடந்து முதன்முறை கருவுறும் பெண்ணுக்கு இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடுவதால் பிரசவம் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே பால் அறிந்து வாங்குவது அவசியம்.

கினிப்பன்றி கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் அதைத் தனியாக வளர்ப்பதைச் சட்டமே தடை செய்கிறது. இரண்டு பெண்களை, கூடுமானால் உடன்பிறந்தவற்றை, வாங்குவது நல்லது. இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 7.5 சதுர அடி தரைப்பரப்பு வேண்டும் என்பதால், பறவைக் கூண்டு உதவாது. அவ்வளவு இடம் இல்லை என்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

வாங்கிய ஒரு வாரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு பிராணிகளில் பழக்கம் உள்ளவரைத் தேடுவது நல்லது. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை அணுகலாம். வீட்டில் ஏற்கெனவே கினிப்பன்றி இருந்தால், புதியதை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றும்போதே எடை குறைந்துவரும். மறைத்த நோயை முதலில் காட்டிக்கொடுப்பது தராசே.

உணவில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் அறுகம்புல் ஏற்றது. பூச்சிமருந்து அடிக்காத இடத்தில் பறித்துக் கழுவிக் கொடுங்கள். வைக்கோலில் சத்துக் குறைவு. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளர்ந்த பிராணிக்கு அதை நாள்தோறும் தந்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகலாம்.

மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் சி-யை உருவாக்க இயலாது. 1907-இல் நார்வே நாட்டின் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்னும் இருவர், தானியம் மட்டுமே தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டறிந்தனர். வைட்டமின் சி-யைப் பற்றிய மனித குலத்தின் அறிவு வளர்ந்ததில் இச்சிறு பிராணிக்குப் பெரும் பங்குண்டு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 30 மில்லிகிராம் தேவைப்படும். குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, சிறு துண்டு கொய்யா ஆகியவற்றிலிருந்து அதைத் தரலாம். குடிநீரில் கலந்தால் விரைவில் சிதைந்துவிடும்.

வெப்பம் நம் மாநிலத்தில் பெரிய ஆபத்து. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு உகந்தது. 28 டிகிரியைத் தாண்டி, காற்றில் ஈரப்பதமும் மிகுந்தால் வெப்பத் தாக்கம் ஏற்படலாம். மொட்டை மாடி, பால்கனி, மூடிய கார் ஆகியவை கூடா. சித்திரை, வைகாசியில் வீட்டின் மிகக் குளிர்ந்த அறை அதற்குத் தேவைப்படும். அத்தகைய அறை இல்லையாயின் கோடையில் வாங்க வேண்டாம்.

நலமாகத் தோன்றும் கினிப்பன்றியும் படர்தாமரைப் பூஞ்சையைச் சுமந்திருக்கக்கூடும். ஆகவே தொட்ட பிறகும் கூண்டைத் துடைத்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வழக்கமாக்குங்கள். கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் வட்டத் திட்டு கண்டால், தாமாகக் களிம்பு வாங்காமல் எங்களிடம் வாருங்கள். பிராணி வளர்ப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவர்கள் என்ற முறையில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று: குழந்தைக்கு வாங்கி மீந்துபோன மருந்தைப் பிராணிக்குக் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்து, சில நாள்களில் உயிரையே பறித்துவிடும்.

சிறுமி கேட்ட கேள்வி

அன்று மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தபோது அச்சிறுமி, "அதைக் கொண்டுபோய் விட்டுடச் சொல்லுவீங்களா டாக்டர்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றோம். பிள்ளைகள் இருவருக்கும் ஸ்டீராய்டு கலவாத மருந்தை உரிய காலம் வரை தந்தோம். அதே வாரத்தில் கினிப்பன்றியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டச் செய்தோம். அதற்கும் பல வாரம் சிகிச்சை நடந்தது. விரிப்புகள் மாற்றப்பட்டன, கூண்டு கிருமிநாசினியால் கழுவப்பட்டது. அதுவரை பெரியவர்கள் மட்டுமே கையுறையுடன் அதைக் கையாண்டனர். ஒரு தரப்புக்கு மட்டும் சிகிச்சை செய்திருந்தால் நோய் மீண்டும் மீண்டும் திரும்பியிருக்கும்.

மறுமுறை வந்தபோது எல்லாருக்கும் குணமாகியிருந்தது. நலமான பிராணியைத் தெரிந்தெடுப்பது பற்றி நாங்கள் சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள், "அப்போ நோய் வந்ததை யாருமே வாங்க மாட்டாங்களா?" என்றாள். உடனே விடை சொல்ல எங்களால் இயலவில்லை.

பிறகு யோசித்துச் சொன்னது இது: இரக்கம் கொள்வதில் தவறில்லை, நோயை அறியாமல் வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் தவறு. நோயுற்றது என்று தெரிந்தே ஒன்றை எடுப்பதானால், கடையிலிருந்து நேரே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிகிச்சைக்கான செலவும் காலமும் தாங்குமா என்று பெற்றோர் கணக்கிட வேண்டும். வீட்டில் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஒருவரும் இருக்கக் கூடாது. குணமாகும் வரை குழந்தை அதைத் தொடாமல் பொறுத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் ஒப்புக்கொள்ள இயலாதவர்கள் ஓடி ஒளியும் கினிப்பன்றியையே வாங்கட்டும். சில வாரங்களில் அதுவும் உங்கள் காலடி ஓசையைக் கேட்டு, புல்லுக்காகக் கீச்சிட்டபடி ஓடிவரும்.